டார்ச் அடித்துப் பார்த்தால் போதுமா?

கேள்வி: என் மகனுக்கு நான்கு மாதம். பிறந்ததிலிருந்தே வலப்பக்க விதைப்பை வீங்கியிருக்கிறது. தடுப்பூசிக்குப் பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) போனபோது டாக்டரிடம் காட்டினேன். அவர் தொட்டுப் பார்த்தார். பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டு, பேனா அளவுள்ள ஒரு டார்ச்சை வீக்கத்தின் பின்னால் வைத்தார். வீக்கம் முழுக்கச் சிவப்பாக ஒளிர்ந்தது. “தண்ணீர்தான். பெரும்பாலும் தானாகவே வற்றிவிடும்” என்று அனுப்பிவிட்டார். என் மாமியாருக்கு மனம் ஒப்பவில்லை. “ஸ்கேன் இல்லை, ஒன்றும் இல்லை, டார்ச் அடித்துப் பார்த்தால் போதுமா?” என்கிறார். தஞ்சாவூர்ப் பக்கம் பெரிய ஓதத்தோடு (விதைப்பையில் நீர் கோத்த வீக்கம்) நடக்க முடியாமல் கஷ்டப்பட்டவர்களைச் சிறு வயதில் பார்த்தவர் அவர். விளக்கெண்ணெய் ஒத்தடம் கொடு, இல்லாவிட்டால் ஊசி போட்டுத் தண்ணீரை எடுக்கச் சொல் என்கிறார். நானும் வீட்டில் கைப்பேசி வெளிச்சத்தை வைத்துப் பார்த்தேன். ஒரு நாள் ஒளிர்ந்தது, இன்னொரு நாள் சரியாகத் தெரியவில்லை. தனியாரிடம் ஸ்கேன் எடுத்துவிடலாமா? இன்னொரு கேள்வி: மார்பகத்தை வெளிச்சம் வைத்துச் சோதிக்கும் ஒரு கருவியை மாமியார் இணையத்தில் பார்த்திருக்கிறார். அவருக்கு 61 வயது, மேமோகிராம் (மார்பக எக்ஸ்-ரே) எடுக்கச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. “குழந்தைக்கு டார்ச் போதுமென்றால் எனக்கும் அது போதாதா?” என்று கேட்கிறார். என்ன சொல்வது?

— சிங்கப்பூர், செங்காங்கிலிருந்து ஒரு தாய்

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் மகனைச் சோதித்த டாக்டர் சரியான பரிசோதனையைத்தான் செய்திருக்கிறார். இப்போதைக்கு ஸ்கேன் தேவையில்லை. ஊசி போட்டுத் தண்ணீரை எடுப்பது கூடவே கூடாது. உங்கள் மாமியார் மேமோகிராமுக்குப் போயே ஆக வேண்டும். ஏன் என்று விளக்குகிறேன். முடிந்தால் அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு படியுங்கள். பேரன் மேல் உள்ள பாசத்தில் கேட்கிறார், கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்கிறார்.

என் சிறு வயதில் ஈரச்சந்தையில் முட்டை விற்பவர் ஒவ்வொரு முட்டையாக எடுத்து ஒரு பல்புக்கு முன்னால் பிடித்துப் பார்ப்பார். நல்ல முட்டை உள்ளே தெளிவாக ஒளிரும். கெட்டுப்போனதோ கருப்பிடித்ததோ இருட்டாகத் தெரியும். உடைக்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஊரில் கோழி வளர்த்தவர்களுக்கும் இது பழக்கமானதுதான். உங்கள் மாமியாருக்கும் தெரிந்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள். டாக்டர் டார்ச் வைத்துப் பார்த்ததும் அதே வேலைதான்.

விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சின் மேல் விரல்களை வைத்து மூடினால் விரல்கள் சிவப்பாக ஒளிரும் அல்லவா? ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் நீலத்தையும் பச்சையையும் விழுங்கிவிடுகிறது. சிவப்புக்கு அவ்வளவு தடை இல்லை, அது தப்பித்து வெளியே வருகிறது. ஆனால் விரலுக்குள் எலும்பின் உருவம் தெளிவாகத் தெரியாது. புகைமூட்ட நாள்களில் எதிர் புளோக் மங்கிப்போவது போல, சதைக்குள் நுழைந்த ஒளி எல்லாப் பக்கமும் சிதறிவிடுகிறது. தெளிந்த நீருக்குள் அந்தச் சிதறல் மிகக் குறைவு. அதனால்தான் நீர் நிறைந்த பை விளக்குக்கூண்டு போல முழுக்க ஒளிர்கிறது. கெட்டியான கட்டியாகவோ தேங்கிய ரத்தமாகவோ இருந்தால் வெளிச்சம் அங்கேயே நின்றுவிடும்.

இது ஏழைகளின் ஸ்கேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எக்ஸ்-ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895-இல். அதற்கு 64 ஆண்டுகளுக்கு முன்பே, 1831-இல், லண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ரிச்சர்ட் பிரைட் என்ற மருத்துவர், மூளையைச் சுற்றி நீர் கோத்துத் தலை பெருத்திருந்த ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். அவர் தலைக்குப் பின்னால் மெழுகுவத்தியைப் பிடித்தால் வெளிச்சம் ஊடுருவித் தெரிந்ததாம். இன்றும் குறைமாதக் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இந்த முறை உயிரைக் காப்பாற்றுகிறது. நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஓர் இரவு, ஒரு கிலோகூட எடையில்லாத குழந்தைக்கு ஆக்சிஜன் அளவு திடீரென்று சரிந்தது. மூத்த மருத்துவர் அறையை இருட்டாக்கச் சொன்னார். சூடில்லாத ஒரு ஒளிக்குழாயை நெஞ்சில் வைத்தார். வலப்பக்கத்தில் குழாயைச் சுற்றிச் சின்ன வட்டம் மட்டும் சிவந்தது. இடப்பக்கத்தில் வைத்ததும் நெஞ்சின் அந்தப் பாதி முழுவதும் ஒளிர்ந்தது. நுரையீரல் கசிந்து, வெளியே காற்று சேர்ந்து அதை அமுக்கிக்கொண்டிருந்தது. ஊசியால் அந்தக் காற்றை எடுத்த பிறகுதான் எக்ஸ்-ரே வண்டி வந்து சேர்ந்தது. அந்தச் சின்ன நெஞ்சு மறுபடி ஏறி இறங்கத் தொடங்கியதை என்னால் மறக்கவே முடியவில்லை.

சரி, உங்கள் மகனுக்கு வருவோம். ஆண் குழந்தையின் விதைகள் முதலில் வயிற்றுக்குள், சிறுநீரகத்துக்குப் பக்கத்தில்தான் உருவாகின்றன. கர்ப்பத்தின் ஏழாவது மாதத்திலிருந்து அவை கீழே இறங்குகின்றன. இறங்கும்போது வயிற்றின் உட்புறச் சவ்வும் ஒரு மெல்லிய குழாய் போலக் கூடவே வருகிறது. பிறப்பை ஒட்டி அந்தக் குழாய் மூடிக்கொள்ள வேண்டும். பல குழந்தைகளுக்கு அது கொஞ்சம் தாமதமாகிறது. வயிற்றுக்குள் இயல்பாகவே இருக்கும் சிறிதளவு நீர் அந்த வழியாகக் கசிந்து விதையைச் சுற்றித் தேங்கும். வலப்பக்க விதை சற்றுப் பின்தங்கி இறங்குவதால் அந்தப் பக்கத்தில் இது அதிகம். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் வழி மூடி, நீரை உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். நீங்கள் கர்ப்பமாக இருந்தபோது சாப்பிட்டது, தூக்கியது, நடந்தது எதற்கும் இதில் சம்பந்தம் இல்லை. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். என்னிடம் வரும் தாய்மார்களில் பலர் இதை மனத்துக்குள் வைத்துக் குமைந்துகொண்டிருப்பார்கள்.

தஞ்சாவூர்ப் பக்கம் உங்கள் மாமியார் பார்த்தது பெரும்பாலும் யானைக்கால் நோயால் வந்த ஓதமாகத்தான் இருக்கும். கொசு கடித்து உடம்புக்குள் போகும் ஒரு வகைப் புழு நிணநீர்க் குழாய்களைக் கெடுத்து, பல ஆண்டுகளில் அப்படிப் பெரிதாக வீங்கச் செய்யும். காவிரிப் படுகையில் அந்தக் காலத்தில் அது பெரிய துன்பம். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இங்கே பிறந்த நான்கு மாதக் குழந்தையின் வீக்கத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. இரண்டுக்கும் நம் மொழியில் ஓதம் என்ற ஒரே பெயர் இருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

விளக்கெண்ணெயைத் தடவினால் நீர் வற்றாது. வெற்றிலையைச் சூடாக்கி வைப்பது, சூட்டு ஒத்தடம், துணியால் இறுக்கிக் கட்டுவது இவை எதுவும் வேண்டாம். அந்த இடத்துத் தோல் வெங்காயச் சருகு போல மெல்லியது, சட்டென்று வெந்துவிடும். ஊசியைப் பற்றி முன்பே சொன்னேன். வயிற்றிலிருந்து வரும் வழி திறந்திருக்கும்போது எடுத்த நீர் மறுபடி சேரும். அதைவிடப் பெரிய ஆபத்து, அந்த வழியாகக் குடல் இறங்கியிருந்தால் ஊசி குடலைக் குத்திவிடும்.

குடல் என்று சொன்னேன் அல்லவா, இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அந்தக் குழாய் குறுகலாக இருந்தால் நீர் மட்டும் வரும். அகலமாக இருந்தால் குடலின் ஒரு பகுதியே இறங்கலாம். குடலிறக்கம், ஹெர்னியா என்பது அதுதான். பெரியவர்களுக்கு இறங்கிய குடல் பெரும்பாலும் வெளிச்சத்தை மறைத்துவிடும். ஆனால் கைக்குழந்தையின் குடல் சுவர் மிக மெல்லியது, உள்ளே காற்றும் நீரும்தான். அதனால் அதுவும் டார்ச் வெளிச்சத்தில் ஒளிரக்கூடும். ஆகவே “ஒளிர்ந்தது, பயமில்லை” என்று எந்த நல்ல டாக்டரும் டார்ச்சை மட்டும் நம்பி முடிவு செய்வதில்லை. டார்ச்சுக்கு முன்னால் அவர் தொட்டுப் பார்த்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வீக்கத்தின் மேல் விளிம்பை விரலால் பிடிக்க முடிகிறதா, அதற்கு மேலே இடுப்பு மடிப்பு தட்டையாக இருக்கிறதா, விதை கைக்குத் தட்டுப்படுகிறதா, அழுத்தினால் வீக்கம் வயிற்றுக்குள் போகிறதா என்றெல்லாம் அந்தச் சில விநாடிகளில் அவர் பார்த்திருப்பார். பார்ப்பவருக்குக் குழந்தையைத் தடவிக் கொடுத்தது போலத்தான் இருக்கும். கையும் டார்ச்சும் ஒரே பதிலைச் சொன்னதால்தான் அவர் உங்களை வீட்டுக்கு அனுப்பினார்.

வீட்டில் நீங்கள் கைப்பேசியை வைத்துப் பார்த்தது பயத்தினால் என்று புரிகிறது. ஆனால் இனிமேல் வேண்டாம். கைப்பேசியின் ஒளி ஒரு புள்ளியில் குவியாமல் விரிந்து பரவுகிறது, ஓரங்களில் கசிந்து கண்ணை ஏமாற்றுகிறது. அறையில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தாலும், தோலில் டயப்பர் கிரீம் பூசியிருந்தாலும் ஒளிர்வு மங்கும். நம் பிள்ளைகளுக்கு அந்த இடத்துத் தோல் கறுப்பு, அதில் உள்ள மெலனின் என்ற நிறமியும் ஒளியை விழுங்கும். இதையெல்லாம் தாண்டி, அன்றைக்கு நீரே குறைவாக இருந்திருக்கலாம். வழி இன்னும் திறந்திருக்கும் குழந்தைகளுக்குத் தூங்கி எழுந்ததும் வீக்கம் சிறியதாகவும், நாள் முழுக்க அழுது விளையாடிய பிறகு மாலையில் பெரியதாகவும் இருக்கும். அப்புறம் அந்தச் சின்ன விளக்கு சூடேறும். ஆடாமல் ஓரிடத்தில் அழுத்திப் பிடித்தால் குழந்தையின் தோல் சுடும். மருத்துவமனைகளில்கூடச் சூடான விளக்குகளால் பச்சிளங்குழந்தைகளுக்குத் தீப்புண் ஏற்பட்டதுண்டு. அதனால்தான் இப்போது குளிர்ந்த ஒளியைப் பயன்படுத்துகிறார்கள்.

வெளிச்சத்துக்குப் பதிலாக வேறொன்று செய்யுங்கள். டயப்பர் மாற்றும்போது காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை வெறும் கண்ணால் பாருங்கள். அளவு மாறுகிறதா, எப்போது மாறுகிறது என்று இரண்டு வாரம் குறித்துவையுங்கள். டாக்டருக்கு ஸ்கேன் படத்தைவிட அந்தக் குறிப்பு உதவும்.

இடுப்பு மடிப்பில், தொடை சேரும் இடத்தில், அழும்போது ஒரு புடைப்பு வந்து பிறகு மறைந்தால் அது ஹெர்னியாவாக இருக்கலாம். ஓரிரு நாளிலேயே டாக்டரிடம் காட்டுங்கள். ஆனால் வீக்கம் திடீரென்று பெரிதாகி, கல் போல இறுகி, தொட்டால் குழந்தை வீறிட்டு அழுதால், தோல் சிவந்தோ கருத்தோ போனால், பால் குடிக்க மறுத்தால், வாந்தி எடுத்தால் (பச்சை நிறத்தில் எடுத்தால் இன்னும் அவசரம்) அன்றே, அந்த மணி நேரமே கிளம்புங்கள். கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் குழந்தைகளுக்கான அவசரப் பிரிவு 24 மணி நேரமும் இயங்குகிறது. வழியில் பால் புகட்ட வேண்டாம், அறுவை சிகிச்சை தேவைப்படலாம். அந்த நேரத்தில் டார்ச்சை எடுத்து ஒளிர்கிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். இறுக்கிக்கொண்ட குடலும் ஒளிரும். குழந்தையின் அழுகையையும் வாந்தியையும்தான் நம்ப வேண்டும்.

ஸ்கேன் எப்போது தேவை? விதை கைக்குத் தட்டுப்படாதபோது, வெளிச்சம் ஊடுருவாதபோது, தொட்டதும் ஒளியும் வேறு வேறு கதை சொல்லும்போது. அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சு கிடையாது, வலியும் இல்லை, அதனால் எடுத்தால் கெடுதல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் மகனுக்கு அது சொல்லப்போவது “நீர் இருக்கிறது” என்ற அதே விஷயத்தைத்தான். அதற்காகத் தனியாரிடம் பணம் கட்ட வேண்டாம். பின்னால் சிறார் அறுவை மருத்துவரைப் பார்க்க வேண்டி வந்தால், பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு போனால் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மானியக் கட்டணம் கிடைக்கும். இரண்டு வயதை நெருங்கியும் வற்றாவிட்டால், இடுப்பு மடிப்பில் சின்னதாக ஒரு வெட்டு, அந்தக் குழாயைக் கட்டிவிடுவார்கள். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம்.

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. பெரியவர்களுக்கு விதைப்பையில் புதிதாக வீக்கம் வந்தால் கணக்கு வேறு. விதையில் புற்றுக்கட்டி இருந்தாலும் அதைச் சுற்றி நீர் சேரலாம். டார்ச் அந்த நீரைக் காட்டிவிட்டு உள்ளே இருக்கும் கட்டியை மறைத்துவிடும். அவர்களுக்கு ஸ்கேன் கட்டாயம்.

இனி உங்கள் மாமியாரின் கேள்வி. நான் ரொம்ப அக்கறையோடு பதில் சொல்ல விரும்புவது இதற்குத்தான், ஏனென்றால் வீட்டில் இப்போது உண்மையிலேயே ஆபத்தை நெருங்கிக்கொண்டிருப்பவர் குழந்தை இல்லை, அவர்தான்.

அம்மா, உங்களிடமே நேராகச் சொல்கிறேன். பேரனுக்கு டார்ச் போதும் என்பதால் உங்களுக்கும் போதும் என்று நினைக்காதீர்கள். அங்கே டாக்டர் கேட்ட கேள்வி “உள்ளே தண்ணீரா, சதையா?” என்பது. தோலுக்கு அடியிலேயே இருக்கும் வீக்கத்தில் வெளிச்சம் அதற்குப் பதில் சொல்லும். மணிக்கட்டில் வரும் நீர்க்கட்டிக்கும் இதே டார்ச்சைப் பயன்படுத்துவோம். மார்பகத்தில் கேட்கும் கேள்வி வேறு. கைக்குத் தட்டுப்படாத, பட்டாணியைவிடச் சிறிய ஒரு கட்டி ஆழத்தில் எங்காவது இருக்கிறதா என்று தேட வேண்டும். சிதறிப்போகும் ஒளியில் அவ்வளவு சிறியது கரைந்து காணாமல் போய்விடும். இதை முயன்று பார்க்காமல் இல்லை. மேக்ஸ் கட்லர் என்ற அமெரிக்க மருத்துவர் 1929-லேயே மார்பகத்தை ஒளியால் சோதித்து எழுதினார். பிறகு அகச்சிவப்புக் கதிர், கேமரா என்று எவ்வளவோ மேம்படுத்தியும், சிறிய கட்டிகளைக் கண்டுபிடிப்பதில் மேமோகிராமுக்கு ஈடாகவில்லை. புற்றின் தொடக்கத்தில் தெரியும் மணல் துகள் போன்ற சுண்ணாம்புப் புள்ளிகளை மேமோகிராம் காட்டும். வெளிச்சத்தால் அது முடியாது. அந்தக் கருவியில் எல்லாம் சிவப்பாக, அழகாகத் தெரிந்ததை நம்பி நீங்கள் நிம்மதியாக இருக்கும் மாதங்களில் ஒரு கட்டி வளர்ந்துவிடக் கூடாது என்பதுதான் என் பயம்.

ஒளியை வைத்து அளக்கும் கருவி ஒன்று உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். 2021-இல் கொவிட் காலத்தில் தெமாசெக் அறநிறுவனம் வீட்டுக்கு ஒன்றாக இலவசமாகக் கொடுத்த ஆக்ஸிமீட்டர். விரலின் ஒரு பக்கத்திலிருந்து சிவப்பும் அகச்சிவப்புமாக இரண்டு ஒளிகளை அனுப்பி, மறுபக்கம் எவ்வளவு வந்து சேர்கிறது என்று அளந்து ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைச் சொல்லும். ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அஒயாகி 1974-இல் கண்டுபிடித்த வழி அது, எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. அதுகூட நம்மைப் போலக் கறுத்த தோல் உள்ளவர்களுக்கு உண்மையான அளவைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. மூச்சுத் திணறும்போது எண் நன்றாக இருக்கிறதே என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது என்று நோயாளிகளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

சிங்கப்பூரில் 50 முதல் 69 வயது வரை உள்ள பெண்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மேமோகிராம் செய்துகொள்ள வேண்டும். மானியம் உண்டு, மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்தும் கட்டலாம். தட்டுகளுக்கு இடையே மார்பகத்தை அழுத்துவார்கள், அந்தச் சில விநாடிகள் வலிக்கத்தான் செய்யும். கூச்சமும் இருக்கும். படம் எடுப்பவர் பெண்தான் என்று மாமியாரிடம் சொல்லுங்கள். கைக்கு அடியில் பவுடரோ டியோடரண்டோ போடாமல் போகச் சொல்லுங்கள், அது படத்தில் புள்ளிகளாக விழும். நீங்களே கூடப் போய்வாருங்கள், தங்கை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள உங்கள் கணவர் ஒரு காலைப்பொழுது விடுப்பு எடுக்கட்டும்.

மகனுக்கு ஆறாவது மாதத் தடுப்பூசிக்குப் போகும்போது வீக்கத்தை மறுபடி காட்டுங்கள், இரண்டு வாரக் குறிப்பையும் கொண்டுபோங்கள். அறையை இருட்டாக்கி டார்ச் வைக்கும்போது மாமியாரையும் பக்கத்தில் நிற்கவைத்துக் காட்டச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். சந்தோஷமாகக் காட்டுவார்.